தாளும் ஒரு தண்டே

(இளம் அறிவியல் தாவரவியல், மூன்றாம் ஆண்டு மாணவி)



உங்கள் கையிலிருக்கும் இந்த நூலுக்கு ‘மலர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் வருவதை ‘இதழ்’ என்கிறோம். நண்பருக்கு எழுதுவது ‘மடல்’. பாட்டனார் காலத்தில் அது ‘ஓலை’. மலர், இதழ், மடல், ஓலை ஆகிய அனைத்தும் செடிகொடிகளின் உறுப்புகளே. எழுத்தைச் சுமக்கும் பொருளுக்குத் தமிழர் தாவரத்திடமிருந்தே பெயர்களைப் பெற்றனர். ஆனால் தாவரவியல் மாணவி என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த மலரில் ஒரு மலரும் இல்லை. இதன் பக்கங்களில் ஓர் இதழும் இல்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இதில் இருப்பது பெரும்பாலும் தண்டுதான்.

அதைச் சரியாகச் சொன்ன சொல்லும் நம் மொழியில் உண்டு. அதுதான் ‘தாள்’. பத்தாம் வகுப்பில் தேவநேயப் பாவாணரின் சொல்வளக் கட்டுரையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நெல்லின் அடி தாள், கீரையின் அடி தண்டு, சோளத்தின் அடி தட்டை, கரும்பின் அடி கழி, மூங்கிலின் அடி கழை என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஐந்து மதிப்பெண் பெற்றதோடு மறந்தும் போனோம். அறுவடை முடிந்த வயலில் காலைக் குத்துகிறதே, அதுவும் தாள். நாம் தேர்வு எழுதுவதும் தாள். இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம் என்பதை நம் ஆய்வகத்தில்தான் நான் உணர்ந்தேன். அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. என் ஊர் சோழவரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்துக்கு மணற்பாங்கான நிலம் ஒன்றேகால் ஏக்கர் உண்டு. நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் அப்பா அதில் சவுக்குக் கன்று நட்டார். இவ்வாண்டு சித்திரையில் அது வெட்டப்பட்டது. என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியும், அண்ணன் வாங்கிய கடனில் பாதியும் அந்தத் தண்டுகள் கொடுத்தவை. ஆகவே தண்டு என்பது எனக்குப் பாடமும்தான், பிழைப்பும்தான்.

நிற்பது எப்படி?

விலங்குக்கு எலும்பு உண்டு. தாவரத்துக்கு எலும்பு இல்லை. பிறகு எப்படி ஐம்பது அடி உயரத் தென்னை புயலில் ஆடி ஆடி நிற்கிறது? ஒரு விரல் பருமனுள்ள நெற்பயிர்த் தூர் எப்படிக் கதிரின் பாரத்தைத் தாங்குகிறது? இதற்கு விடை, செல்லின் சுவர். ஒவ்வொரு தாவரச் செல்லும் தன்னைச் சுற்றி செல்லுலோசால் ஒரு சுவர் கட்டிக்கொள்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் நீளமாகக் கோத்த சங்கிலியே செல்லுலோஸ். சங்கிலிகள் பல சேர்ந்து நுண்ணிழையாகின்றன. நுண்ணிழைகள் கயிற்றுப் புரியைப் போலச் சுற்றிச் சுற்றிச் சுவராகின்றன.

எல்லாச் செல்களும் இதைச் செய்தாலும், சில செல்கள் சுவர் கட்டுவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவை. அவையே நார்ச் செல்கள். இரு முனையும் ஊசிபோல் கூர்ந்து, நீண்டு, உள்ளே மெல்லிய குழல் மட்டும் எஞ்சும்படி சுவரின்மேல் சுவர் கட்டிக்கொண்டே போகும். பிறகு லிக்னின் என்னும் பொருள் அச்சுவரில் ஊறி இறுகுகிறது. கம்பியால் கட்டிய கூட்டுக்குள் சிமெண்டுக் கலவை ஊற்றுவதைப் போன்றது இது. செல்லுலோஸ் கம்பி; லிக்னின் சிமெண்டு. வேலை முடிந்ததும் அந்தச் செல் இறந்துவிடுகிறது. உயிர் போன பிறகுதான் அதன் உண்மையான பணி தொடங்குகிறது! மரத்தின் கட்டையில் பெரும்பகுதி இப்படி இறந்துபோன செல்களின் சுவர்களே. இந்தப் பாடத்தை எங்கள் பேராசிரியை நடத்தியபோது, உழைத்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போன என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

காகிதம் செய்வது என்றால் என்ன? அந்த இறந்த செல்களை ஒன்றினின்று ஒன்று பிரித்து, நீரில் மிதக்கவிட்டு, மீண்டும் ஒரு மெல்லிய பாயாகப் படியவைத்து உலர்த்துவதுதான். தண்டு நெடுக்காக நின்ற நார்கள் தாளில் படுக்கையாகக் கிடக்கின்றன. வேறு மாற்றம் அதிகமில்லை.

புறக்காழும் அகக்காழும்

எல்லாத் தண்டும் ஒரே மாதிரி வளர்வதில்லை. தொல்காப்பியர் மரபியலில் இதைப் பற்றிப் பேசுகிறார். வெளிப்புறம் வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் உடையவற்றை மரம் என்றும் அவர் வகைப்படுத்தியிருப்பது தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்த செய்தி. புறக்காழ், அகக்காழ் என்பன அவர் ஆளும் சொற்கள். பனையும் தென்னையும் மூங்கிலும் அவ்வகையில் புல்லினமாகிவிடும். இன்றைய தாவரவியலில் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறோம். நெல்லும் கரும்பும் மூங்கிலும் புல் குடும்பத்தையே சேர்ந்தவை. நுண்ணோக்கி இல்லாத காலத்தில், கோடரி பிடித்தவனின் அனுபவத்திலிருந்து பிறந்த வகைப்பாடு இது. காகிதத் தொழிலுக்கு இன்றும் இந்தப் பிரிவே அடிப்படை.

இருவித்திலைத் தாவரமான சவுக்கில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் ஆக்குத்திசு ஒரு வளையமாக இருக்கிறது. அது உட்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் ஃபுளோயத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் மரம் ஆண்டுதோறும் பருக்கிறது. அப்பாவின் சவுக்கு முதல் ஆண்டில் சுண்டுவிரல்; நான்காம் ஆண்டில் முழங்கை. அவ்வளவும் கேம்பியத்தின் உழைப்பு.

மூங்கிலில் கேம்பியம் இல்லை. ஆகவே அது பருப்பதில்லை. மண்ணிலிருந்து முளை வெளிவரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது. கணுவுக்குக் கணு உள்ள இடை ஆக்குத்திசுவால், தொலைநோக்கிக் குழலை இழுப்பதுபோல் நீண்டு, ஒரே பருவத்தில் முழு உயரத்தை அடைந்துவிடுகிறது. பிறகு இறுகி முதிர்வது மட்டுமே. பனையும் அப்படியே, நுனிக் குருத்து ஒன்றே அதன் வளர்ச்சி. அதை வெட்டினால் மரமே பட்டுப்போகும். புல்லினத் தண்டை அறுத்துப் பார்த்தால் வாஸ்குலார் கற்றைகள் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். விளிம்பருகே நெருக்கமாகவும் நடுவே கலக்கமாகவும் இருக்கும். ஒவ்வொரு கற்றையைச் சுற்றியும் நார்கள் உறையாக நிற்கும். விளிம்பில் நார் மிகுதி என்பதால்தான் அது புறக்காழ் ஆயிற்று!

காகித ஆலைக்கு இதன் பொருள் என்னவென்றால், புல்லினத் தண்டில் நாரோடு நாராக மென்மையான பாரன்கைமாச் செல்களும் ஏராளமாக வரும். கரும்புச் சக்கையில் அந்தச் சோறு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அது தாளுக்கு வலுவைத் தராது. நீரை வடிய விடாது. அதைத் தட்டிச் சலித்து நீக்கினால்தான் நல்ல கூழ் கிடைக்கும்.

கரும்புச் சக்கை தாளான கதை

இதைச் செய்து காட்டிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. கரூர் மாவட்டத்தில் புகளூருக்கு அருகே காகிதபுரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கே 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன் என்ற திறனோடு தொடங்கிய அந்த ஆலை கரும்புச் சக்கையையே முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. ஆனால் சர்க்கரை ஆலைகள் சக்கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. கொதிகலனில் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. ‘எங்கள் அடுப்புக்கு வேறு விறகு கொடுத்தால் சக்கையைத் தருகிறோம்’ என்பதுதானே நியாயம்? அப்படியே சக்கைக்கு ஈடாக எரிபொருளும் நீராவியும் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு தண்டின் சாறு சர்க்கரையாகவும், அதே தண்டின் நார் செய்தித்தாளாகவும் ஆனது.

இந்த நாட்டில் அதற்கு முன் காகித ஆலைகள் மூங்கிலையே பெரிதும் நம்பியிருந்தன. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரெய்ட் என்பவர் மூங்கிலைக் கூழாக்கும் முறையை ஆராய்ந்தார். 1925இல் மூங்கில் காகிதத் தொழிலைப் பாதுகாக்க ஒரு சட்டமே வந்தது. பெரிய ஆலைகள் இப்படி வளர்ந்த காலத்திலேயே, நம் தமிழ்நாட்டவரான ஜே.சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாகக் கைக்காகிதத் தொழிலுக்கு ஊக்கமளித்தார். வைக்கோலும் கந்தலும் பழந்தாளும் போதும், சிற்றூரிலேயே தாள் செய்யலாம் என்பது அந்த இயக்கத்தின் நம்பிக்கை.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு சோதனை

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் நான்கு மாணவியர். சோழவரம் ஏரியைச் சுற்றிக் கிடைக்கும் தண்டுகளில் தாள் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

சோழவரம் ஏரியை அறியாதவர் நம் கல்லூரியில் இல்லை. கொசஸ்தலை ஆற்றின் நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து இங்கு வந்து, இங்கிருந்து புழல் ஏரிக்குப் போய், சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்கிறது. முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. பக்கத்து ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு வேண்டியிருந்தவை நீரும் இல்லை, பந்தயமும் இல்லை; சுற்றுப்புறத்து நீர்க்கால்களில் நிற்கும் சம்பும் கோரையும்தான். எகிப்தியர் எழுதிய பாப்பிரஸ் என்பதும் கோரைக் குடும்பத்துச் செடியே. அதை அவர்கள் கூழாக்கவில்லை. தண்டைச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்தினார்கள். கி.பி. 105இல் சீனத்தின் சாய் லுன் மரப்பட்டை, சணல், கந்தல், மீன்வலை இவற்றைக் கூழாக்கித் தாள் செய்ததாக அந்நாட்டு வரலாறு கூறுகிறது. நாரைத் தனித்தனியாகப் பிரித்ததே அவருடைய வழியின் சிறப்பு. நாங்களும் அந்த வழியையே பின்பற்றினோம்.

வைக்கோல், சம்பு, கோரை, வாழைமட்டை, சவுக்குச் சில்லு ஆகிய ஐந்தையும் விரல் நீளம் நறுக்கி, சலவைச் சோடா கரைத்த நீரில் தனித்தனிப் பானையில் வேகவைத்தோம். எங்கள் வீட்டுக் கொல்லையில், பாட்டி பெருக்கிச் சேர்த்த சவுக்குச் சருகே அடுப்புக்கு எரிபொருள். நாள் முழுக்க வெந்ததைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, உரலில் இடித்தோம். பிறகு ஒரு பெரிய தொட்டி நீரில் கொஞ்சம் கூழைக் கலக்கி, கொசுவலை அடித்த மரச்சட்டத்தால் வாரி எடுத்தோம். நீர் வடிந்ததும் வலையின்மேல் ஒரு மெல்லிய படலம் நின்றது. துணியில் ஒற்றி, பலகையில் ஒட்டி, வெயிலில் காய வைத்தோம்.

முடிவுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். வைக்கோல் தாள் மஞ்சளாக, மடித்தால் மொடமொடவென்று ஒடிந்தது. வைக்கோல் நார் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் அளவே. அதோடு சிலிகா என்னும் மணற்சத்து அதில் மிகுதி. பெரிய ஆலைகள் வைக்கோலுக்குத் தயங்குவதற்கும் அந்தச் சிலிகாவே ஒரு காரணம். கழிவு நீரிலிருந்து இரசாயனங்களை மீட்கும் இயந்திரங்களில் அது படிந்து அடைத்துவிடும். சம்பும் கோரையும் சுமாரான தாள்களைத் தந்தன. வாழைமட்டைத் தாள்தான் எங்களை வியக்க வைத்தது. கிழிக்க முயன்றால் கை வலிக்கும்! நீண்ட நார் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதே அதன் வலுவுக்குக் காரணம். வாழையின் உறவான அபாக்கா என்னும் பிலிப்பைன்ஸ் செடியின் நாரில் தேயிலைப் பைகள் செய்கிறார்கள், கொதிநீரிலும் கிழியாது.

சவுக்கு மட்டும் அசையவில்லை. சில்லு நிறம் மாறியதே தவிர நார் பிரியவில்லை. கட்டையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு லிக்னின். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள அடுக்கில் அது மிகச் செறிவாக நின்று எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருக்கிறது. அதைக் கரைக்கக் காரச்சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்து, மூடிய கலத்தில் 160, 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைக்க வேண்டும். இது கிராஃப்ட் முறை எனப்படும். ஜெர்மானியரான கார்ல் டால் 1879இல் கண்டது. அதில் மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதியே கூழாகும். மறுபாதி கரைந்து கருநீராகும். நல்ல ஆலைகள் அக்கருநீரை எரித்து நீராவியும் எடுத்து, இரசாயனங்களையும் மீட்டுக்கொள்கின்றன. புல்லினத் தண்டு வீட்டு அடுப்புக்கு இணங்கும். மரத்தண்டு ஆலைக்குத்தான் இணங்கும். இந்த ஒரு வேறுபாட்டை என் மனத்தில் குறித்துக்கொண்டேன். காரணம் பின்னால் தெரியும்.

தாளுக்குள் தேடிய சவுக்கு

வீட்டில் இணங்காத சவுக்கை ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்த ஜெஃப்ரி கரைசலில் ஊறவைத்துப் பிரித்தோம். சாஃப்ரனின் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு வகைச் செல்கள் தெரிந்தன. ஒன்று, ஊசிபோன்ற நார். நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். மற்றொன்று, அகன்ற குழாய்போன்ற சைலக் குழாய்ச் செல். உடலெங்கும் சல்லடைபோல் குழிகள். வேரிலிருந்து நீரை ஏற்றிய குழாய் அது.

பிறகு என் வகுப்பு நோட்டின் ஒரு மூலையைக் கிழித்து நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்துப் பார்த்தேன். அங்கேயும் அதே ஊசி நார்கள்! அவற்றிடையே அதே அகன்ற குழாய்கள்! எந்த ஊரின் எந்த மரம் என்று நுண்ணோக்கி சொல்லாது. ஆனால் பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையில் இந்தக் குழாய்கள் கிடையா. ஆகவே அது சவுக்கு, தைலமரம் போன்ற பூக்கும் தாவரமே என்பது உறுதி. ஒருகாலத்தில் மண்ணின் நீரைக் கொம்புக்கு ஏற்றிய குழாயின்மேல் நான் வேதியியல் சமன்பாடு எழுதியிருந்தேன்!

இன்னொரு சோதனையும் செய்தோம். ஃபுளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் லிக்னின்மீது பட்டால் சிவந்த ஊதா நிறம் தோன்றும். ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டோம், சட்டென்று சிவந்தது. நோட்டுத் தாளில் விட்டோம், வெண்மை மாறவில்லை. செய்தித்தாளில் லிக்னின் முழுதும் நீக்கப்படுவதில்லை. அதனால்தான் நாலு நாள் வெயில் பட்டதும் அது பழுத்துப் போகிறது. நோட்டுத் தாளில் லிக்னினை நீக்கி வெளுத்துவிடுகிறார்கள். நம் ரூபாய் நோட்டோ தண்டே அன்று; பருத்தி, அதாவது விதையின்மேல் வளரும் மயிர். அந்த நார் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் உடையது. சட்டைப் பையோடு துவைத்தாலும் ரூபாய் நோட்டு பிழைப்பதன் இரகசியம் இதுவே.

சாதாரணத் தாள் அப்படிப் பிழைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது பரணில் வைக்காத புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயின. காய்ந்ததும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டன. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. தாளில் நாரையும் நாரையும் பிணைத்து வைத்திருப்பது முதன்மையாக ஹைட்ரஜன் பிணைப்பே. நீர் வந்தால் அது விலகும். நீர் போனால் மீண்டும் சேரும். ஆலையில் நூறு பங்கு நீருக்கு ஒரு பங்குக்கும் குறைவான நார் என்று கரைத்துத்தான் தாளை வார்க்கிறார்கள். நீரிலே பிறந்தது நீரிலே கலைகிறது. ஏரி நீரைக் குடித்து வாழும் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் இதை மறக்கலாகாது. காகிதத்துக்கு நாரைப் போலவே நீரும் வேண்டும். அந்த நீர் தூய்மையாகத் திரும்பவும் வேண்டும்.

கன்றா, கிடங்கா?

இனி எங்கள் நிலத்துக்கு வருகிறேன். சவுக்கு நம் மண்ணின் மரமன்று. தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கடற்கரைகளுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களுக்கும் சென்னை நகர அடுப்புகளுக்கும் விறகு வேண்டி இக்கடற்கரையில் பரவலாக நடப்பட்டது. பார்வைக்கு ஊசியிலை மரம். உண்மையில் பூக்கும் தாவரம். ஊசிபோல் தொங்குவது இலையன்று, கணுக்கணுவான பசுங்கிளை. இலைகள் அக்கணுக்களில் சிறு பற்களாகச் சுருங்கிவிட்டன. வேர் முண்டுகளில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் தங்கிக் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குத் தருகிறது. ஆகவேதான் ஒன்றுக்கும் உதவாத மணலிலும் அது நிமிர்ந்து வளர்கிறது. பந்தலுக்கும் சாரத்துக்கும் கழியாகப் போனது போக, இன்று தடி மரம் காகிதக் கூழுக்கும் எடைபோட்டு வாங்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் காகித ஆலைகளுக்குச் சவுக்கும் தைலமரமும் இன்று முக்கிய மரங்கள்.

தைலமரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். நாம் நடும் சவுக்கு நன்றாகத் துளிர்ப்பதில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதிதாகக் கன்று நட்டாக வேண்டும். அதாவது நாலாண்டுக்கு ஒருமுறை அந்த நிலத்தில் என்ன செய்வது என்று புதிதாக முடிவு செய்ய வேண்டும். மரத்தின் இயல்பே எங்களை அந்தக் கேள்வியின் முன் நிறுத்திவிடுகிறது.

இம்முறை தரகர் வந்தார். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் பாதை அகலமாகிவிட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் போகும் சரக்குகளுக்குக் கிடங்கு வேண்டும். மாத வாடகை கிடைக்கும் என்றார். அண்ணன் ஒரு கிடங்கில்தான் வேலை பார்க்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. “மரம் நாலு வருஷத்துக்கு ஒரு தபா காசு குடுக்கும். வயிறு மாசாமாசம் கேக்குதே, அதுக்கு இன்னா பண்றது?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மரத்துக்குள்ள பூந்து பாத்துட்டு வந்தியே, நீ சொல்லும்மா” என்றார்.

நான் அறிந்ததைச் சொன்னேன். சவுக்கு எடுத்த நிலம் நாளைக்கு மணிலா கேட்டாலும் கொடுக்கும், கேழ்வரகு கேட்டாலும் கொடுக்கும். சிமெண்டுத் தரை போட்ட நிலம் கேட்டதைக் கொடுக்காது. மழை நீரையும் உள்ளே விடாது. ஆனால் மரத்தண்டு ஆலைக்கு மட்டுமே இணங்கும் என்பதால், விலையை நாம் நிர்ணயிக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முதல் ஆண்டு கன்றுகளுக்கு இடையே ஊடுபயிர் போட்டால் கொஞ்சம் கைச்செலவுக்கு ஆகும் என்றும் சொன்னேன். அப்பா அதிகம் பேசவில்லை. “ஐப்பசி மழைக்குக் கன்னு போட்டுடலாம். இன்னொரு நாலு வருஷம் பாப்போம்” என்றார். அதற்குள் விலை சரிந்தால் தரகரைக் கூப்பிடுவேன் என்பது அண்ணனின் நிபந்தனை. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். இப்போது கன்றுகள் முழங்கால் உயரம். இடையே மணிலா பூத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது செங்குன்றம் முதல் கும்மிடிப்பூண்டி வரை எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தொழிற்பேட்டையும் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் முடிவு செய்யும் முன் அந்த நிலத்தில் நிற்கும் தண்டு என்னவென்று தெரிந்துகொண்டு முடிவு செய்தால் நல்லது.

நம் பங்கு

நண்பர்களே! நெல்லின் தாள் முதிர நான்கு மாதம் ஆகிறது. கரும்பின் கழிக்கு ஏறத்தாழ ஓராண்டு. சவுக்குக்கு நான்காண்டு. ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதிக் கசக்கி எறிய நமக்கு ஒரு நிமிடம் போதும். பழைய தாளை மீண்டும் கூழாக்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகி விறைத்துப் போகிறது. சில முறைக்கு மேல் அது தாங்காது. ஆகவே தாளின் இரு பக்கமும் எழுதுவோம். எஞ்சிய பக்கங்களைத் தைத்துக் குறிப்பேடாக்குவோம். ஆய்வகப் பதிவேட்டின் பழைய தாள்களைக் குப்பையில் போடாமல், பழைய தாள் வாங்குபவரிடம் சேர்ப்போம்; அவர் பிழைப்பும் நடக்கும், நாரும் பிழைக்கும்.

முதலாண்டுத் தாவரவியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்டின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தைப் பதிவேட்டில் வண்ணப் பென்சிலால் வரைகிறீர்கள். வரைந்து முடித்ததும் அந்தத் தாளையே ஒரு மூலை கிழித்து நீரில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வையுங்கள். நீங்கள் வரைந்த நார் படத்தின்மேல் ஒரு வண்ணக் கோடாக மட்டும் இல்லை, படத்துக்குக் கீழே உண்மையாகவே கிடக்கிறது என்பதைக் காண்பீர்கள். அந்த மகிழ்ச்சிக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதைப் பெற்றவருக்கு அதன்பின் எந்தத் தாளும் வெறுந்தாளாகத் தோன்றாது.